நரைக்கு ‘ஸ்டெம் செல்’ எண்ணெயா?

லேபிளில் ‘ஸ்டெம் செல்’ என்று அச்சடித்தால் எண்ணெயின் விலை ஏறும், நரை இறங்காது. வெளியே தெரியும் முடி கெரட்டின் என்ற புரதத்தாலான உயிரில்லாத நார்தான். அதற்குக் கறுப்பு ஏற்றுவது தோலுக்குள், மயிர்க்காலின் அடிக்குமிழில் இருக்கும் மெலனோசைட் செல்கள். முடியின் வளர்ச்சிச் சுற்று முடியும்போது அவையும் அழிந்துவிடும். அடுத்த முடிக்குப் புதிய மெலனோசைட்டுகளைத் தருவது சற்று மேலே தங்கியிருக்கும் ஸ்டெம் செல்கள். அந்த வரத்து நின்றாலும் முடி வளரும், வெள்ளையாக.

செல்கள் தீர்ந்துபோவதுதான் காரணம் என்றே வெகுநாள் பேசினோம். 2023இல் நியூயார்க் பல்கலைக்கழகக் குழு எலிகளில் கண்டது சுவாரசியமானது. இந்தச் செல்கள் மயிர்க்காலுக்குள் மேலும் கீழும் போய் வருகின்றன. கீழே வந்தால் Wnt என்ற புரதச் சமிக்ஞையால் பாதி முற்றுகின்றன. மேலே திரும்பினால் மறுபடி இளசாகின்றன. முடியைத் திரும்பத் திரும்பப் பிடுங்கி மயிர்க்காலை முதுமையாக்கியபோது, செல்கள் மேலேயே சிக்கிக்கொண்ட மயிர்க்கால்கள் 15 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட பாதியாகிவிட்டன. அந்தச் செல்கள் செத்துப்போகவில்லை, வேலைக்கும் வரவில்லை!

மன அழுத்தம் செய்வது வேறு. 2020இல் ஹார்வர்டு ஆய்வில், எலிகளின் சிம்பதெடிக் நரம்புகள் (ஆபத்தில் உடலை உசுப்பும் நரம்புகள்) கொட்டிய நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் ஸ்டெம் செல்களை ஒரேயடியாகக் கிளப்பிவிட்டது. எல்லாம் மெலனோசைட்டாக மாறி இடத்தைக் காலிசெய்தன. விதைநெல்லைக் குத்திப் பொங்கிவிட்ட கதை. நார்அட்ரினலினைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்டுப் பார்த்தபோதும் நரைத்தது, ஆக வேலையைக் காட்டியது நரம்புதான்.

நரை திரும்புமா? சில மனிதர்களின் சில முடிகளில் திரும்பியதை 2021இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு காட்டியது. சாயம் போடாதவர் தானாக உதிர்ந்த முடியைப் பார்க்கலாம். நுனி வெள்ளை, வேர்ப்பக்கம் கறுப்பு என்றால் நிறம் திரும்பியிருக்கிறது. முடி மாதம் சுமார் 1 செ.மீ. வளரும். வேரிலிருந்து 4 செ.மீ.யில் நிறம் மாறியிருந்தால், மாற்றம் நடந்தது அந்த முடியின் வளர்ச்சி நிற்பதற்குச் சுமார் நாலு மாதம் முன். வளர்ச்சி நின்ற பிறகும் முடி இரண்டு மூன்று மாதம் தலையில் ஒட்டியிருக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

25 வயதுக்குள் நரை தட்டினால் எண்ணெய் தேடாமல் பி12, தைராய்டு, இரும்புச்சத்து பரிசோதனை செய்யுங்கள். குறை இருந்து அதைச் சரிசெய்தால் சிலருக்கு ஓரளவு நிறம் வருவதுண்டு.

ஒரு நரையைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பது கட்டுக்கதை. ஒரு முடியைப் பிடுங்குவதால் பக்கத்து மயிர்க்கால் நரைக்காது. ஆனாலும் பிடுங்காதீர்கள், மயிர்க்கால் புண்ணாகும். உறுத்தினால் கத்தரியால் அடியோடு நறுக்கிவிடுங்கள்.