போட்டுப் பார்க்காதீர்கள் என்று சொன்னேனா இல்லையா?

"சும்மா ஒரு தடவை போட்டுப் பார்த்தேன் சார், அவ்வளவுதான்."

பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கரண்டில் செருகிவிட்டு ஆளாளுக்கு இப்படிச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூரில் ஒரு காயலான் கடை வாசலில் வெயிலில் நின்றேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். 1980களில் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு மாதம் ஒரு ஞாயிறு மேற்கு மாம்பலத்தில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் கூடுகிறோம். ஒருவர் டிவி மெக்கானிக்காக இருந்தவர், ஒருவர் பேங்கில் ரிட்டயர் ஆனவர், இரண்டு கல்லூரிப் பையன்கள், இப்படிக் கலந்துகட்டின கூட்டம். பழைய மெஷினைத் திறந்து துடைத்து, கெட்டதை மாற்றி ஓட வைத்து, கூடவே வரும் கேசட்டிலும் ஃப்ளாப்பியிலும் இருப்பதை அழிவதற்குள் எடுத்து வைப்பதுதான் எங்கள் வேலை. யாரிடமும் காசு வாங்குவதில்லை, எதையும் விற்பதில்லை.

வெள்ளை அடிக்கும்போதோ, வீடு காலி செய்யும்போதோ, போகிக்கு முன்னாலோ பரணில் இருந்து ஒரு பெட்டி இறங்கும். யாரோ எங்கள் நம்பரைக் கொடுத்துக் கூப்பிடுவார்கள். நானும் ஒவ்வொரு முறையும், எல்லாரிடமும், கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறேன்: "கரண்ட்ல செருகாதீங்க. நாங்க வர்ற வரைக்கும் அப்படியே வைங்க." சரி சார், சரி சார் என்பார்கள். போனை வைத்த கையோடு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தேடிப் போவார்கள்.

ஏன் செருகக் கூடாது என்று கேட்கிறீர்களா? முப்பது, நாற்பது வருஷம் சென்னையில் ஒரு பரணில் கிடந்த பொருள் அது. இந்த ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, மே மாதம் பரணில் கை வைத்தால் சுடுகிறது, ஐப்பசி வந்தால் அதே பரணில் சுவர் வேர்க்கிறது. நம் வீட்டு இரும்பு பீரோவே தாங்காமல் துருப்பிடிக்கும் இடத்தில் ஒரு பவர் சப்ளை அன்று மடித்து வைத்த மாதிரியே இருக்கும் என்று எப்படி நினைக்கிறார்கள்?

பிபிசி மைக்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1981 டிசம்பரில் இங்கிலாந்தில் ஏகார்ன் நிறுவனம் கொண்டுவந்த மெஷின். 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசசர், 32 கேபி மெமரி, மேலே வரிசையாகச் சிவப்பு ஃபங்ஷன் கீகள். 1984இல் மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க கிளாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது இதைத்தான் இறக்கினார்கள், அப்புறம் அரசின் சிப் நிறுவனமான எஸ்சிஎல் அதையே யூனிகார்ன் என்ற பெயரில் இந்தியாவிலேயே தயாரித்தது. இன்று ஐம்பது வயதில் இருக்கும் பலர் வாழ்க்கையில் முதன்முதலாகத் தொட்ட கீபோர்டு இதுதான். இதன் பவர் சப்ளையில், கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில், கரண்டில் வரும் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு காகிதக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி மேலோடு. வருஷம் ஆக ஆக அந்த ஓட்டில் தலைமுடி கனத்துக்கு விரிசல் விழும், விரிசல் வழியாக ஈரம் உள்ளே இருக்கும் காகிதத்தில் இறங்கும். அந்த நிலையில் 230 வோல்ட்டைக் கொடுத்தால் கால் மணி நேரமோ அரை மணி நேரமோ மெஷின் நன்றாகவே ஓடும். அப்புறம் டப்பென்று ஒரு சத்தம், அறை முழுக்க வெள்ளைப் புகை, திரைச்சீலையிலும் மெத்தையிலும் இரண்டு நாளைக்குப் போகாத நாற்றம்.

இதில் எனக்குத் தாங்காதது என்ன தெரியுமா? அத்தனை புகை வந்தாலும் கம்ப்யூட்டர் போகவில்லை! போனது வடிகட்டி. மதர்போர்டு, ரோம், கீபோர்டு எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சில மெஷின்கள் புகை விட்டபடியே ஓடிக்கொண்டிருக்கும், நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதற்குப் பதிலாகப் போடும் எக்ஸ்2 ரக கெப்பாசிட்டர் இரண்டும் சேர்த்து நூறு ரூபாய் ஆகாது. சால்டரிங் அயர்னைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. ஆனால் புகையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியாதே, அவர்கள் கணக்கில் மெஷின் செத்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

கமடோர் 64 விஷயம் வேறு. அங்கே புகையே வராது. செங்கல் மாதிரி கனமான பவர் சப்ளை, உள்ளே எபாக்சி பிசினை ஊற்றி அடைத்திருப்பதால் திறந்து பார்க்கவும் முடியாது. 9 வோல்ட் ஏசியும் 5 வோல்ட் டிசியும் அதில் இருந்து வர வேண்டும். வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் வயதாகிக் கைவிட்டால் அந்த 5 வோல்ட் மேலே ஏறும், ஏறினால் மெமரி சிப்கள் வரிசையாகப் போகும். சத்தம் கிடையாது, நாற்றம் கிடையாது, திரை கறுப்பாக இருக்கும், அவ்வளவுதான். செருகுவதற்கு முன் மல்ட்டிமீட்டரை வைத்து அளந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரத்துக்கு நடப்பது இன்னும் கொடுமை. அதன் சொந்த அடாப்டர் எப்போதோ தொலைந்திருக்கும், சரி, 9 வோல்ட்தானே என்று வீட்டில் கிடக்கும் வைஃபை ரூட்டர் அடாப்டரைச் செருகுவார்கள். முனை அழகாகப் பொருந்தும். ஆனால் ஸ்பெக்ட்ரத்துக்கு நடு முனை நெகட்டிவ், ரூட்டருக்கு நடு முனை பாசிட்டிவ். அடாப்டர் மேலேயே சின்னதாக வட்டம் போட்டுப் படம் இருக்கிறது, யாராவது பார்த்தால்தானே! போன வருஷம் ஒரு பையன் பெரியப்பாவின் மெஷினை இப்படிச் செருகிவிட்டுக் கொண்டுவந்தான். மெமரிக்கு 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் தயாரித்துக் கொடுக்கும் குட்டி சர்க்யூட் போய், கூடவே கீழ் மெமரியின் எட்டு சிப்களில் ஐந்து போய்விட்டன. எங்கள் மெக்கானிக் அண்ணன் மூன்று கூட்டம், அதாவது மூன்று மாதம், அதோடு உட்கார்ந்தார். அந்த மெமரிக்கு வேண்டிய 4116 சிப் என்பது இன்று கடையில் போய்க் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற பொருளா? இன்னொரு செத்த போர்டில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார், அறுபத்தெட்டு வயதில், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று ஒரு தடவை வந்து பாருங்கள். முதலில் திறப்போம். தூசி, கரப்பான் முட்டை, துரு எல்லாவற்றையும் பார்ப்போம். பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி விரிசல் விட்டதை மாற்றுவோம். அப்புறம்தான் கரண்ட், அதுவும் நேரடியாகக் கிடையாது, பழைய டிவி மெக்கானிக்குகள் வைத்திருப்பார்களே சீரிஸ் போர்டு, 100 வாட் குண்டு பல்பு போட்டது, அதன் வழியாக. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், மெஷினுக்கு ஒன்றும் ஆகாது, உடனே அணைத்துவிடலாம். பல்பு ஒரு கணம் மினுங்கி மங்கினால் எல்லாரும் மூச்சு விடுவோம். அண்ணன் அந்த சுவிட்சில் கை வைக்கும்போது மாடியில் ஒருவரும் பேச மாட்டோம்.

இத்தனை பாடுபட்டு ஒரு பொருளைக் காப்பாற்ற ஆட்கள் இருக்கும்போது, போன் செய்து எங்களை வரச் சொல்லியும் விட்டு, நடுவில் எதற்கு அந்த "சும்மா ஒரு தடவை"? வாங்கிக்கொண்டு போகிறவன் ஓடுகிறதா என்று கேட்பான் என்று செருகினார்களாம். நாங்கள் கேட்கவே இல்லையே! ஓடாததுதான் எங்களுக்கு வேண்டும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினோம், ஒயர் நல்லா இருக்கு, போடலாம்னார் என்கிறார் இன்னொருவர். ஃபேன் மாட்ட வந்தவர் பாவம், அவருக்கு இதைப் பற்றி என்ன தெரியும்?

"அதான் எல்லாம் எமுலேட்டர்ல வந்துடுச்சே" என்றும் சிலர் சமாதானம் சொல்கிறார்கள், அதாவது இன்றைய கம்ப்யூட்டரிலேயே பழைய மெஷின் மாதிரி ஓடிக் காட்டும் சாஃப்ட்வேர். கடையில் விற்ற கேம் வந்திருக்கும். ஒரு வாத்தியார் தன் வகுப்புக்காக ராத்திரி உட்கார்ந்து எழுதிக் கேசட்டில் போட்டு வைத்தது எந்த எமுலேட்டரில் இருக்கிறது?

நங்கநல்லூருக்கு வருகிறேன்.

புதன்கிழமை ஒருவர் கூப்பிட்டார். அப்பா கணக்கு வாத்தியார், ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. பள்ளியில் பழைய லேபைக் கலைத்தபோது கேட்டு வாங்கிக்கொண்டு வந்த பிபிசி மைக்ரோ பரணில் இருக்கிறது, நாலு கேசட்டும் இருக்கிறது, ஞாயிறு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. வழக்கமாகச் சொல்வதை இரண்டு தடவை சொன்னேன். சரி சார், சரி சார்.

ஞாயிறு காலை போனால் வீட்டில் பெட்டி இல்லை. மகன் சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னார். வெள்ளிக்கிழமை ராத்திரி போட்டுப் பார்த்தார்களாம். டிவிகூட இணைக்கவில்லை. தாழ்வாக ஒரு ஒலி, உடனே உயரத்தில் ஒரு பீப், கேப்ஸ் லாக் விளக்கு எரிந்திருக்கிறது. அதாவது முப்பது வருஷம் கழித்து மெஷின் முழுசாக எழுந்துவிட்டது! வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையே இல்லாமல், நினைவில் இருந்து ஒலி எழுப்பும் கட்டளையைத் தட்டியிருக்கிறார்: சவுண்ட் 1, -15, 97, 10. அரை விநாடிக்குக் கணீரென்று ஒரு நாதம். பேரப்பிள்ளைகள் குதித்தார்களாம், இன்னொரு தடவை தாத்தா, இன்னொரு தடவை தாத்தா என்று. இருபது நிமிஷம் கழித்துப் புகை. சின்னவனுக்கு வீசிங் உண்டு, அவன் இருமத் தொடங்கியதும் மருமகள் பயந்துபோய்ப் பெட்டியை வாசலுக்குத் தள்ளியிருக்கிறார். அந்த அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் மறுநாள் காலை பழைய இரும்பு, பேப்பர் வண்டி வந்தபோது, வாசலில் கிடந்ததை அப்படியே, கேசட்டுகளோடு, 120 ரூபாய்க்கு எடைக்குப் போட்டார்களே, அதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் பண்ண ஏன் தோன்றவில்லை? நம்பர் இருக்கிறது. மூன்று நாள் முன்னால் பேசியிருக்கிறோம்.

"எரிஞ்சு போச்சேன்னுதான் சார்... பழைய குப்பைதானேன்னு..."

குப்பையா? இதைச் செய்த அதே ஏகார்னில்தான் ஏஆர்எம் சிப் பிறந்தது, 1985இல் வந்த முதல் ஏஆர்எம் சிப்பை பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள், அவர் கையில் வைத்திருந்த போனுக்குள் இருப்பது அந்த வம்சம். இதையெல்லாம் அங்கே நின்று சொல்லிக்கொண்டிருக்க நேரம் இல்லை. வண்டிக்காரர் எந்தக் கடைக்குப் போடுவார் என்று கேட்டுக்கொண்டு ஓடினேன்.

கடைக்காரர் நல்ல மனுஷர். "போர்டு ஐட்டம் எல்லாம் தனியா மூட்டை கட்டி காலைலயே லோடு ஏத்திட்டோம் சார்" என்றார். கேசட்? கையை விரித்தார். பிளாஸ்டிக் குவியலில் உடைந்த வாளிக்கும் நாற்காலிக் காலுக்கும் அடியில் மெஷினின் மேல் மூடி மட்டும் கிடந்தது. நாற்பது ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டேன்.

பிபிசி மைக்ரோவில் ஃபங்ஷன் கீகளுக்கு மேலே நீளமாக ஒரு கண்ணாடிப் பட்டை உண்டு, எந்தக் கீ எதற்கு என்று காகிதத்தில் எழுதி அதற்கு அடியில் செருகிக்கொள்ளலாம். அந்தக் காகிதம் அப்படியே இருந்தது. நீல மை, குண்டு குண்டான வாத்தியார் கையெழுத்து, கட்டம் கட்டமாகக் கோடு போட்டு: வாய்பாடு, தனி வட்டி, கூட்டு வட்டி, பரப்பளவு, வரைபடம். கடைசி இரண்டு கட்டமும் காலி.

திரும்பிப் போய் மூடியை வாத்தியாரிடம் கொடுத்தேன். வேட்டி நுனியால் அந்தப் பட்டையைத் துடைத்தார். மகனைத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்குள் அவரே சொன்னார்: "அவன் வேணாம்னுதான் சொன்னான் சார். நீங்க சொன்னதையும் சொன்னான். நான்தான் போடுடான்னேன். ஒரு தடவை கேக்கணும்போல இருந்துது."

ஐயா, அந்தச் சத்தத்தை உங்களுக்குக் கேட்க வைக்கத்தானே நாங்கள் இருக்கிறோம்! ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரியே கூப்பிட்டிருக்கலாமே. அசோக் நகரில் இருந்து நங்கநல்லூர் என்ன தூரம், ஒன்பது மணிக்கு மேல் ரோடு காலியாக இருக்கும், அரை மணி நேரத்தில் இரண்டு கெப்பாசிட்டரையும் சீரிஸ் போர்டையும் எடுத்துக்கொண்டு வந்திருப்பேனே.