மூக்கு ஸ்பிரேக்கு மூக்கு அடிமையாகுமா?

வெள்ளவத்தைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "தும்மலுக்கு அடிக்கிற ஸ்டீரொயிட் ஸ்பிரே, ஜிம்மில ஏத்திற அதே சாமான்தான், ஒரு கிழமை அடிச்சா மூக்கு அடிமை." இரண்டுமே பிழை.

தசை வளர்க்க ஏற்றுவது வேறு வகை ஸ்டீரொயிட். மூக்கு ஸ்பிரேயில் இருக்கும் புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீரொயிட்கள் மூக்கின் உட்சவ்வு வீக்கத்தைத் தணிப்பவை. ஒரு அழுத்தலில் வருவது பெரும்பாலும் 50 மைக்ரோகிராம்; இரத்தத்தில் சேர்வது அதிலும் மிகச் சொற்பம்.

அடிமைக் கதைக்கு ஒரு மூலம் இருக்கிறது. ஒக்சிமெட்டசொலின், சைலோமெட்டசொலின் என்று ஸ்டீரொயிட் அல்லாத வேறு மூக்கு மருந்துகள் உண்டு. அவை இரத்தக் குழாய்களைச் சுருக்கி நிமிடக் கணக்கில் மூக்கைத் திறக்கும். சில நாட்களுக்கு மேல் விடாமல் அடித்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். பழி மட்டும் பக்கத்து ஸ்டீரொயிட் போத்தலுக்கு!

ஸ்டீரொயிட் ஸ்பிரே ஆறுதலாகத்தான் வேலை செய்யும். முழுப் பலனுக்கு 2 கிழமைகூட ஆகலாம். இரண்டாம் நாளே தூக்கி எறியாதீர்கள். மூக்கு வறளலாம், இரத்தம் கசியலாம். வலது கையால் இடது துவாரத்திலும், இடது கையால் வலதிலும், நடுச்சுவரை விட்டு வெளிப்பக்கம் பார்த்து அடித்தால் அது குறையும். குளுக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்களும், பிள்ளைகளுக்கு நீண்டகாலம் கொடுப்பவர்களும் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.