மன்னித்தாயிற்று, விளக்கைப் போடுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை எங்கள் திரைப்பட அமைப்பின் திரையிடலில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் பல வடிவங்களில் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் கத்தினேனாம். நான் கத்தவில்லை. படத்தை ஏன் முடிவதற்கு முன்பே நிறுத்தினீர்கள் என்று கேட்டேன், அவ்வளவுதான். “அந்த அம்மா மன்னித்துவிட்டாரே, கதை முடிந்துவிட்டது, இனிமேல் என்ன இருக்கிறது?” என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அரங்கத்தை எட்டரை மணிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்த நேரம் இருந்தது, அவர் மன்னிப்பின் மகத்துவம் பற்றி விரிவாக உரையாற்ற நேரம் இருந்தது, குழுப் படம் எடுத்துக்கொள்ளவும் நேரம் இருந்தது. படத்துக்கு மட்டும்தான் நேரம் இல்லாமல் போயிற்று.

படத்தின் பெயர் ‘மாஸ்’. (விசிலடிக்கத் தயாரானவர்கள் உட்காரலாம், இதில் யாரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதில்லை.) 2021 ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, அக்டோபரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்து, வந்த சுவடு தெரியாமல் போன படம். எழுதி இயக்கிய ஃப்ரான் கிரான்ஸ் அடிப்படையில் ஒரு நடிகர். இது அவர் இயக்கிய முதல் படம். 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லண்டில் ஒரு பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் சிறு குழந்தையின் தந்தை. அந்தச் செய்தியும், நிறவெறி ஆட்சிக்காலக் கொடுமைகள் குறித்து பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் தலைமையில் தென்னாப்பிரிக்காவில் நடந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணைகளைப் பற்றி வாசித்ததும் சேர்ந்துதான் இந்தப் படம் உருவானது. சுயாதீனப் படங்களுக்கான இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருது விழாவில், இயக்குநரையும் நடிகர்களையும் சேர்த்துக் கௌரவிக்கும் ராபர்ட் ஆல்ட்மன் விருதை இந்தக் குழுவுக்குக் கொடுத்தார்கள். இதில் தாய்மார் இருவரில் ஒருவராக நடித்த ஆன் டௌடின் பெயர் பிரிட்டனின் பாஃப்டா விருதுப் பரிந்துரையில் இடம்பெற்றது. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் படத்துக்கு ஓர் இடம்கூட இல்லை. அந்த ஆண்டு ஆஸ்கர் என்றாலே உலகத்துக்கு நினைவிருப்பது மேடையில் ஒருவர் கன்னத்தில் விழுந்த அடி மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கதை என்று பார்த்தால் நான்கு பேர், ஒரு மேசை. பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் மகனைப் பறிகொடுத்த ஜேயும் கெயிலும் ஒரு பக்கம். பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் செத்துப்போன மாணவனின் பெற்றோரான ரிச்சர்டும் லிண்டாவும் மறுபக்கம். நடந்து ஆண்டுகள் கழிந்தபின் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் சந்திக்கிறார்கள். துப்பாக்கிச் சூட்டின் ஒரு காட்சிகூடக் காட்டப்படுவதில்லை. பிள்ளைகள் உயிரோடு ஓடியாடிய பழைய நினைவுகள் திரையில் விரிவதும் இல்லை. எல்லாம் பேச்சு.

ஆனால் அந்தப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே படம் தொடங்கிவிடுகிறது. தேவாலயப் பணியாளரான ஜூடி, வருகிறவர்களுக்கு என்ன வைப்பது என்று தெரியாமல் தின்பண்டங்களை மாற்றி மாற்றி அடுக்குகிறார். சந்திப்பை ஏற்பாடு செய்த கேந்திரா வந்து அறையைச் சுற்றிப் பார்க்கிறார். கண்ணீர் துடைக்கும் காகிதப் பெட்டியை எங்கே வைப்பது என்பது அங்கே ஒரு பெரிய பிரச்சினையாகிவிடுகிறது. மேசையின் நடுவே வைத்தால் ‘அழுங்கள்’ என்று கட்டளையிடுவது போல இருக்கும். தள்ளி வைத்தால் தேவைப்படும்போது கைக்கு எட்டாது. சாவு வீட்டில் நாற்காலிகளை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று நின்று யோசித்தவர்களுக்கு இந்தக் காட்சி உடனே பிடிபடும். சிறப்பு விருந்தினர் இதை ‘இழுவை’ என்றார்.

பிறகு அவர்கள் வருகிறார்கள். ஆன் டௌடின் லிண்டா பூக்கள் கொண்டுவருகிறார். அந்தப் பூக்களை என்ன செய்வதென்று மேசையில் ஒருவருக்கும் தெரியவில்லை. நலம் விசாரிக்கிறார்கள். வாய் சாதாரண வார்த்தைகளைப் பேசிக்கொண்டிருக்கும்போது முகம் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தை இந்த நால்வரும் நடித்திருப்பதைப் போல நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஜேயாக நடிக்கும் ஜேசன் ஐசக்ஸை ஹாரி பாட்டர் படங்களின் லூசியஸ் மால்ஃபாயாக மட்டும் அறிந்தவர்கள், தன் மகன் ஈவன் எப்படிச் செத்தான் என்பதை அவர் சொல்லும் இடத்தைப் பார்க்க வேண்டும். ரீட் பிர்னியின் ரிச்சர்டு அலுவலக அறிக்கை வாசிப்பவரைப் போல வறண்டு பேசுகிறார். இந்த மனிதனுக்குக் கல்நெஞ்சா என்று நமக்குக் கோபம் வருகிறது. உலகம் பத்துப் பேருக்காக அழுதது, நாங்கள் பதினொரு பேருக்காக அழுதோம் என்ற பொருளில் அவர் ஒன்று சொல்லும்போதுதான், அந்த வறட்சி எதை அணைகட்டித் தடுத்துவைத்திருந்தது என்று புரிகிறது.

இந்தப் பேச்சின் உச்சத்தில் மார்த்தா பிளிம்ப்டனின் கெயில் மன்னிப்பதாகச் சொல்கிறார். இந்தப் பாரத்தோடு இனி வாழ முடியாது என்ற நிலையில், எலும்பிலிருந்து பிடுங்கி எடுப்பதைப் போல அதைச் சொல்கிறார். எல்லோரும் எழுந்து விடைபெறுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விளக்கு எரிந்தது இங்கேதான்.

நீங்கள் பார்க்காதது இதற்குப் பிறகு வருகிறது. எடுத்துச் செல்ல வசதியாக அந்தப் பூக்களுக்கு ஒரு பெட்டி தேடி ஒருவர் போயிருக்க, ஜேயும் கெயிலும் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்போது லிண்டா தனியாகத் திரும்பி வருகிறார். சொல்லாமல் போய்விட்ட ஒன்று அவரிடம் மிச்சமிருக்கிறது. ஒரு நாள் மகன் தன்னை அடித்துவிடுவதாக மிரட்டியதையும், தான் பயந்து தன் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டதையும் சொல்கிறார். அன்று அவன் அடித்திருந்தால், அவனை அடிக்க விட்டிருந்தால், அவன் யார் என்று தனக்குத் தெரிந்திருக்குமே என்கிறார். பெற்ற தாய் தன் பிள்ளையைக் கண்டு பயந்தாள் என்பதை உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்ல முடிந்திருக்கிறது. அந்த ஒருத்தி, அவனால் பிள்ளையை இழந்தவள். மன்னிப்பு கிடைக்கும் வரை லிண்டா அதைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மன்னிப்பை வாங்குவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

படம் அங்கேதான் இருக்கிறது. அந்த இரண்டாம் வருகையில்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு ‘மன்னிப்பின் மகத்துவம்’ என்று ஒருவர் உரையாற்றினால், அவர் வேறு ஏதோ ஒரு படத்தைப் பற்றி உரையாற்றுகிறார் என்று பொருள். இதைத்தான் நான் அங்கே எழுந்து சொன்னேன். இதைத்தான் நாகரிகமில்லாத நடத்தை என்கிறார்கள்.

என் குரல் ஏன் உயர்ந்தது என்று நண்பர்கள் சிலர் தனியாகக் கேட்டார்கள். உயர்ந்திருந்தால் அதற்குக் காரணம் உண்டு. என் சித்தப்பா, நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, முறைத்தண்ணீர்த் தகராறில் வாய்க்கால் கரையில் வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டியவன் பக்கத்து வயல்காரரின் மகன். எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறான். அவன் சிறைக்குப் போனபிறகு, முதலாண்டுத் திதியன்று அவனுடைய தாய் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சப்பை. தலையை முக்காடாக மூடியிருந்தார். படியேறவில்லை. “அக்கா” என்று உள்பக்கம் பார்த்து ஒருமுறை கூப்பிட்டார். அதற்குள் பெரியப்பாவும் பங்காளிகளும் எழுந்து, இங்கே உனக்கு என்ன வேலை என்று விரட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எரிந்துகொண்டிருந்த வீடு அது. அப்பத்தா அடுக்களையில் இருந்தார். அவர் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அந்த அம்மாள் தெருமுனையைத் தாண்டிவிட்டார். பின்னர் மகளோடு திருப்பூர் போய்ச் சேர்ந்து அங்கேயே காலமானார் என்று கேள்வி.

அதற்குப் பிறகு அப்பத்தா சித்தப்பாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கடைசியில் அங்கே வந்துதான் நிற்பார். “என்ன சொல்ல வந்தாளோ, அதக் கேட்டுப்புட்டு வெரட்டியிருக்கக் கூடாதாடா?” மன்னித்திருக்கலாம் என்று அப்பத்தா ஒருநாளும் சொன்னதில்லை. விரட்டியதைத் தப்பு என்றும் சொன்னதில்லை. கேட்டுவிட்டு விரட்டியிருக்கலாம் என்றுதான் சொன்னார். சாகும்வரை சொன்னார்.

இப்போது வருகிற எதிர்வாதங்களைப் பார்ப்போம். “கொலைகாரன் குடும்பத்துக்கு வக்காலத்தா?” என்கிறார்கள். படத்தைப் பார்த்தவர் யாரும் இப்படிக் கேட்க முடியாது. அறிகுறிகள் தெரிந்தும் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று ஜே கேட்கும் ஒரு கேள்வியைக்கூடப் படம் மழுப்பவில்லை. “நான்கு பேர் உட்கார்ந்து பேசுவது நாடகம், சினிமா இல்லை” என்ற வாதத்துக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. “அமெரிக்காவின் துப்பாக்கிப் பிரச்சினை நமக்கு எதற்கு?” என்பவர்கள், அமெரிக்கப் பேய்ப் படங்களுக்கு முதல் நாள் முதல் காட்சிக்குப் போகிறவர்கள்.

“இப்படியெல்லாம் நிஜத்தில் நடக்குமா?” என்று ஒருவர் கேட்டார். நடந்திருக்கிறது. 2006 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிக்கல் மைன்ஸ் என்ற ஊரில், ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளிக்குள் புகுந்த ஒருவன் சுட்டதில் 5 சிறுமிகள் இறந்தார்கள். அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டு செத்தான். அவனை அடக்கம் செய்த இடத்துக்கு, பிள்ளைகளைப் புதைத்த அந்த மக்களே போய் நின்றார்கள். அவனுடைய தாய், தன் மகனின் குண்டால் முடமாகிப்போன ஒரு சிறுமியைக் கவனித்துக்கொள்ள வாராவாரம் போய்வந்தார். 1999 ஏப்ரல் 20 அன்று கொலம்பைன் பள்ளியில் சுட்ட இருவரில் ஒருவனின் தாய் சூ கிளிபோல்ட், 2016இல் ஒரு முழு நூலே எழுதினார். தன் வீட்டில் வளர்ந்தவனைத் தனக்கே தெரியவில்லை என்று ஊரறியச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

ஓர் எதிர்வாதம் மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. “ஆணவக்கொலை செய்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு ஊர்வலம் போகும் நாட்டில், பாதிக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்புப் பாடம் எடுக்கிறீர்களா?” என்று கேட்ட தம்பிக்கு நான் கோபத்தோடு பதில் சொல்ல முடியாது. அவர் கேட்பது சரி. கொன்றவர்களின் வீட்டார் பெருமைப்பட்டுக்கொள்ளும் இடத்தில் இந்த மேசைக்கு இடமில்லை. ரிச்சர்டும் லிண்டாவும் அப்படி வந்திருந்தால் கெயில் எழுந்து போயிருப்பார், நானும் கைதட்டியிருப்பேன். ஆனால் தம்பி, மன்னிப்புப் பாடம் எடுத்தது நான் அல்ல, பொன்னாடை போர்த்திக்கொண்டவர். இழந்தவர்கள் சீக்கிரம் மன்னித்துவிட்டால் சுற்றி இருப்பவர்களுக்கு வசதி. துக்கம் விசாரிக்க வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். எங்கள் வீட்டிலும் ‘ஆனது ஆகிப்போச்சு, மனசைத் தேத்திக்கங்க’ என்று வந்து வந்து சொன்னார்கள். அவர்களில் ஒருவராவது அப்பத்தாவின் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. விளக்கைப் போட்ட அன்பர்களும் அதே ஆட்கள்தான். என்ன, இவர்களிடம் ஒலிபெருக்கி இருக்கிறது.

மன்னித்தபிறகு ஆறிவிடுகிறது என்றும் படம் சொல்லவில்லை. லிண்டா போனபிறகு தேவாலயத்தில் பாடகர் குழு பயிற்சி எடுக்கிற சத்தம் கேட்கிறது. அவ்வளவு நேரம் வாதாடிக்கொண்டிருந்த ஜே, அந்தப் பாட்டைக் கேட்டு உடைந்துபோகிறார். எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று நீங்கள் அறிவித்தபிறகுதான் அந்தத் தகப்பன் அழத் தொடங்குகிறான்.

‘சக ரசிகர்களின் மனம் புண்படாமல் பேசப் பழகுங்கள்’ என்று அமைப்பிலிருந்து எனக்கு அறிவுரை அனுப்பியிருக்கிறார்கள். பழகுகிறேன். அடுத்த முறை படத்தை முழுதாகப் போடுங்கள், பொன்னாடையை முதலிலேயே போர்த்திவிடுங்கள்.

கடைசியாக, ‘இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் சித்தப்பாவைக் கொன்றவனை நீங்கள் மன்னித்துவிட்டீர்களா?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்ட பெரியவருக்கு. அன்று பதில் சொல்லாமல் வெளியேறியதை நான் தோற்றுப்போனதாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். பதில் இதுதான்: இல்லை, மன்னிக்கவில்லை. அவர் விடுதலையாகி ஊரில்தான் இருக்கிறார். எதிரே வந்தால் நான் வேறு தெருவில் திரும்பிக்கொள்வேன். இந்தப் படம் என்னிடம் அதை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. அந்த அம்மாள் அன்று என்ன சொல்ல வந்தார் என்பது மட்டும்தான் எனக்கு வேண்டும். அதைச் சொல்ல இப்போது ஆள் இல்லை.