அசல் டிஸ்க்கைப் போடவும்

போட்டுத்தான் இருக்கிறேன். உள்ளே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மிக்ஸியில் ஈரமில்லாமல் கொப்பரையை அரைப்பது மாதிரி ஒரு சத்தம், கீழ் வீட்டுக்காரர் மாடியை அண்ணாந்து பார்க்கிற அளவுக்கு. ஆனால் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றுகொண்டு, நகலைப் போடாதே, அசல் டிஸ்க்கைப் போடு என்று எனக்குப் புத்தி சொல்கிறது.

எனக்கு! 2005-இல், திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் நாலு பேர் பங்கு போட்டு வாங்கிய அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் விளையாடுவதற்காக, முதல் சம்பளத்தில் 999 ரூபாய் எண்ணிக் கொடுத்து, ஒரு கேம் டிஸ்க்கைப் பெட்டியோடு, கையேட்டோடு, உள்ளே மடித்து வைத்த வரைபடத்தோடு வாங்கினேனே, அந்த எனக்கு. அதே விளையாட்டை ரூம்மேட் பர்மா பஜாரில் 60 ரூபாய்க்கு வாங்கி வந்தான். மார்க்கர் பேனாவால் பேர் எழுதிய டிஸ்க். 'கிராக்' என்று ஒரு ஃபோல்டர், அதில் பூட்டை உடைக்கிற ஒரே ஒரு கோப்பு. எடுத்துப் போட்டான், விளையாடினான். என் பெட்டியைப் பார்த்து, "இதை வாங்கின காசுக்கு ஒரு மாசம் பிரியாணி சாப்பிட்டிருக்கலாம்டா" என்றான். நான் நேர்மையைப் பற்றி ஏதோ பேசினேன். என்ன பேசினேன் என்று இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். வயது பதினொன்று. போனில் ஏதோ சுட்டுக்கொண்டிருந்தான். "இதெல்லாம் ஒரு கேமா? மாமா உனக்கு ஒண்ணு காட்டறேன் பாரு" என்று வாயை விட்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலையைக் கேளுங்கள்.

பரணில் ஏறினேன். கொலு பொம்மைப் பெட்டி, பழைய கிரைண்டர் கல், யாருடையது என்றே தெரியாத ஒரு கல்யாணத் தாம்பூலப் பை மூட்டை, இதற்கெல்லாம் அடியில் இருந்தது. தூசு நெற்றியில் விபூதி மாதிரி. டிஸ்க்கை எடுத்துப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை, கண்ணாடி மாதிரி மின்னுகிறது. இவ்வளவு பத்திரமாக நான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக்கூட வைத்ததில்லை.

லேப்டாப்பில் டிஸ்க் போட வாயே இல்லை. தெருமுனைக் கடையில் கேட்டால், ஏதோ மியூசியப் பொருளைக் கேட்ட மாதிரி பார்த்தார்கள். ரிச்சி ஸ்ட்ரீட் போய், யுஎஸ்பியில் செருகுகிற டிவிடி டிரைவ் ஒன்றை 1,450 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். ஆக, 999 ரூபாய் விளையாட்டை விளையாட 1,450 ரூபாய். பார்க்கிங் தனி. வெயில் தனி.

இன்ஸ்டால் ஆரம்பித்தது. சீரியல் கீ கேட்டது. கையேட்டின் பின்னட்டையில் இருபது எழுத்து, எறும்பு சைஸில். அது எட்டா, பி-யா? பூஜ்யமா, ஓ-வா? அம்மாவின் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பையன் கண் நல்ல கண், அவன் படித்துச் சொன்னான். ஆறாவது தடவை ஏற்றுக்கொண்டது. நாற்பது நிமிடம் அந்த நீலக் கோடு ஊர்ந்தது. நடுவில் 97 சதவீதத்தில் ஒரு காபி குடிக்கிற நேரம் நின்றது. நாங்கள் மூச்சு விடவில்லை. முடிந்தது. டெஸ்க்டாப்பில் பழைய சின்னம் வந்து உட்கார்ந்தபோது எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது.

இரண்டு தட்டு தட்டினேன். வட்டம் சுற்றியது. நின்றது. ஒன்றும் இல்லை.

பிழை வந்திருந்தால்கூட மரியாதை. அதுகூட இல்லை. மறுபடி தட்டினேன். வட்டம், அமைதி. வலது பக்கம் தட்டி அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினேன். 'நிச்சயமாகவா?' என்று விண்டோஸ் கேட்டது. நிச்சயமாகத்தான் என்றேன். வட்டம், அமைதி. பழைய விண்டோஸ் மாதிரி நடி என்று எக்ஸ்பி வேஷம் கட்டிவிட்டேன். அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. அசல் டிஸ்க்கைப் போடவும். எடுத்துத் துடைத்துப் போட்டேன். அசல் டிஸ்க்கைப் போடவும். யுஎஸ்பி ஓட்டையை மாற்றினேன். ஆன்டிவைரஸை அணைத்தேன். டிரைவைத் தலையணை மேல் வைத்தேன், அது எதற்கென்று எனக்கே தெரியவில்லை. அசல் டிஸ்க்கைப் போடவும். பையன் மெதுவாகக் கேட்டான்: "மாமா, நீங்க வாங்கினது டூப்ளிகேட்டா?"

இருபது வருஷத்தில் என்னை யாரும் இப்படி அசிங்கப்படுத்தியதில்லை.

நகலெடுப்பதைத் தடுக்கிற இந்தப் பூட்டுகள் எப்படி அசலைக் கண்டுபிடிக்கின்றன தெரியுமா? டிஸ்க்கில் சில இடங்களில் வேண்டுமென்றே பிழையை வைத்து அச்சடிப்பார்கள். சாதாரண டிரைவில் நகலெடுத்தால் அந்தப் பிழை திருந்திவிடும். பிழை அப்படியே இருந்தால் அசல், இல்லாவிட்டால் நகல். டிசியில் 'அங்க அடையாளங்கள்: இடது முழங்கையில் ஒரு மச்சம்' என்று எழுதுவார்களே, அதேதான். வித்தியாசம் என்னவென்றால், மச்சத்தைச் சரிபார்க்கிற ஆள் பத்து வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நாம் முழங்கையை மடக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறோம்.

போய்ச் சேர்ந்தார் என்றால் சும்மா சொல்லவில்லை. மேக்ரோவிஷன் நிறுவனத்தின் சேஃப்டிஸ்க் என்று ஒன்று, ஒரு காலத்தில் பாதி டிஸ்க்குகளில் குடியிருந்தது. அதற்கென்று விண்டோஸுக்குள் ஓடுகிற ஒரு டிரைவர் புரோகிராம், செக்டிஆர்வி.சிஸ். விளையாட்டு வேண்டுமென்று கேட்காதவன் கம்ப்யூட்டரிலும் இருக்கும், ஏனென்றால் எக்ஸ்பியோடு சேர்த்தே கொடுத்தார்கள். 2007-இல் பார்த்தால் அந்த டிரைவரிலேயே ஓட்டை, உள்ளே நுழைந்தவன் அதன் வழியாக மெஷினையே கையில் எடுத்துக்கொள்ளலாம். பூட்டு வாங்கினால் அந்தப் பூட்டே திருடனுக்கு வாசல். அப்புறம் 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது இந்த டிரைவருக்கு இடமில்லை என்று வெளியே தள்ளினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் ஒரு அப்டேட் அனுப்பி விஸ்டா, 7, 8 எல்லாவற்றிலும் அணைத்துவிட்டார்கள். பாதுகாப்புக்காகச் செய்தது, சரிதான், எனக்குத் தெரியும், யாரும் பாடம் எடுக்க வர வேண்டாம். பூட்டைத் திறக்கிறவனை வேலையை விட்டு அனுப்பியது சரி, பூட்டை யார் எடுப்பது? இதில் வேடிக்கை, 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' டிஸ்க்கிலும் இதே சேஃப்டிஸ்க்தான். வெளியிட்டது யார்? மைக்ரோசாஃப்ட். தன் வீட்டுக்குத் தானே வெளியே இருந்து தாழ்ப்பாள்.

இன்னொரு மகானுபாவர் செக்யூரோம். சோனி டிஏடிசி தயாரிப்பு. விளையாட்டை அன்இன்ஸ்டால் செய்தாலும் இவர் போக மாட்டார், கல்யாணம் முடிந்தும் ஊருக்குக் கிளம்பாத பெரியப்பா மாதிரி. விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, அதற்கு 'எச்சரிக்கை! எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது' என்றே பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் கம்ப்யூட்டரில், என் மின்சாரத்தில், எனக்கு எச்சரிக்கை. 2008-இல் 'ஸ்போர்' என்ற விளையாட்டு வந்தபோது இவரை வைத்துத்தான் மூன்று தடவைக்கு மேல் ஆக்டிவேட் செய்ய முடியாது என்றார்கள். வாங்கினவர்கள் அமேசானில் ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டித் தீர்த்தார்கள், வழக்கே போட்டார்கள். சரி, திருட்டாவது நின்றதா? அந்த வருஷம் டொரன்ட்டில் அதிகம் இறக்கப்பட்ட பிசி கேம் அதுதான், 17 லட்சம் தடவை என்று டொரன்ட்ஃப்ரீக் என்ற செய்தித் தளம் கணக்குப் போட்டது. திருடினவன் எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டான். மூன்று தடவை எண்ணியது, காசு கொடுத்தவனுக்கு மட்டும்.

இணையத்தில் வாங்கினால் டிஸ்க் தொல்லை இல்லையே என்பீர்கள். டிஸ்னியின் 'ட்ரான்: எவல்யூஷன்' கதை தெரியுமா? 2010-இல் வந்தது. 2019-இல் செக்யூரோம் உரிமம் காலாவதியானதும், விளையாட்டைப் புதிதாகப் போட்டு ஆக்டிவேட் செய்ய வழியில்லாமல் போனது. கடையிலிருந்தே தூக்கிவிட்டார்கள். இதைவிட எனக்குப் பிடித்தது யுபிசாஃப்ட் கதை. 2008-இல் 'ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2'க்கு ஒரு பேட்ச், அதாவது திருத்தக் கோப்பு, விட்டார்கள். அதைப் போட்டதும், டவுன்லோடாக வாங்கினவர்களிடம் டிஸ்க் எங்கே என்று கேட்க ஆரம்பித்தது. டவுன்லோடில் ஏது டிஸ்க்? கடைசியில் அதிகாரபூர்வமாக ஒரு தீர்வுக் கோப்பு கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் அது ரீலோடட் என்ற கிராக் கும்பல் செய்த கோப்பு! அதாவது, 'கிராக்' ஃபோல்டரில் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. என் ரூம்மேட் இதை மூன்று வருஷம் முன்பே பர்மா பஜாரில் 60 ரூபாய்க்குக் கண்டுபிடித்துவிட்டான்.

அந்தக் காலத்திலும் பூட்டு இருந்ததே என்று ஒருவர் வருவார். இருந்தது. 1989-இல் முதலில் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வின் பிசி பதிப்பில் முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை நிறைய மருந்துக் குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. கையேட்டில் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது வார்த்தையின் முதல் எழுத்தைப் பார்த்துக் குடி என்று கேட்கும். கையேடு இருந்தால் இன்றைக்கும் குடிக்கலாம். விண்டோஸ் வந்தாலும் போனாலும், எந்த நிறுவனம் கடையை மூடினாலும் குப்பி குப்பிதான், எழுத்து எழுத்துதான். அதுவும் எரிச்சல்தான், ஆனால் மரியாதையான எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமைக் கதை இன்னும் முடியவில்லை. என் விளையாட்டை வெளியிட்ட நிறுவனம், பெயர் வேண்டாம், இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. வருஷா வருஷம் புதிதாக ஏதாவது விற்கிறது. அவர்களுக்கு எழுதினேன். பெட்டியின் படம், பில்லின் படம் (ஆமாம், பில் இருக்கிறது, அப்படிப்பட்ட முட்டாள் நான்), திரையின் படம், எல்லாம் இணைத்து. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. டிஸ்க்கை மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டுமாம். அதற்குக் கீழே, இந்தத் தயாரிப்புக்கான ஆதரவு முடிந்துவிட்டதாம். அதற்கும் கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

துடைத்தேன். அதையும் செய்தேன். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அம்மாவின் பழைய வாயில் புடவைத் துண்டால், சாளக்கிராமத்துக்கு ஒற்றி எடுக்கிற மாதிரி. அசல் டிஸ்க்கைப் போடவும்.

பையன் இதற்குள் போனில் தேடி, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் அதே விளையாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஆடி யூடியூபில் போட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். பதினான்கு பகுதி. "நல்லாத்தான் இருக்கு மாமா" என்றான். முதல் பகுதியை இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். அந்த ஆள் இரண்டாவது பாலத்தில் இடது பக்கம் போகாமல் வலது பக்கம் போய்ச் செத்தான். இடது பக்கம் போடா என்று நான் கத்தினேன். கேட்கவா போகிறான்.

அந்த டிரைவை மூட்டை கட்டி வைக்கப் போனபோதுதான் அக்கா பார்த்தாள். "டேய், இதுல என் கல்யாண டிவிடி ஓடுமாடா?" 2008 கல்யாணம். இரண்டு டிஸ்க், ரோஜாப்பூ படம் போட்ட உறை, டிஸ்க் முழுக்க விரல் அடையாளம், ஒரு ஓரத்தில் குழம்பு மாதிரி ஏதோ காய்ந்திருக்கிறது. போட்டேன். யார் நீ என்று கேட்கவில்லை, அசலா என்று கேட்கவில்லை, இருபது எழுத்து கேட்கவில்லை. நாதஸ்வரம் கணீரென்று ஆரம்பித்துவிட்டது.

நாலு மணி நேரம். ஜானவாசத்திலிருந்து கட்டுச்சாதம் வரை. அக்காவும் அத்திம்பேரும் இதய வடிவ ஃப்ரேமுக்குள் சுற்றுகிறார்கள், பின்னால் ஸ்விட்சர்லாந்து மலை, மலையிலிருந்து மல்லிகைப்பூ கொட்டுகிறது. சமையல்காரர் வடை தட்டுவது ஏழு நிமிடம். மண்டப வாசலில் யாரோ ஒரு மாமா பல் குத்துவது, அதுவும் ஸ்லோ மோஷனில். மணப்பெண்ணின் சொந்தத் தம்பி, மூன்று நாள் தூங்காமல் சாம்பார் வாளியோடு ஓடினவன், எங்கே? தேடிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது டிஸ்க்கில், மூன்றாம் பந்தியில், ஒரு பின்மண்டை குறுக்கே போகிறது. அதன் மேலும் ஒரு இதயத்தைப் பறக்கவிட்டிருக்கிறான் அந்த வீடியோக்காரன்.

அவனுக்கு மீதிப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.