வள்ளலார் படமும் ஏடும் மலைக்குளிரில்

வள்ளலாரைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அவரது கையெழுத்துப் படிகள், பசித்தோருக்குச் சோறிட 1867இல் வடலூரில் அவர் மூட்டிய தருமசாலை அடுப்பு பற்றியெல்லாம் நன்றாகச் சொல்கிறது. இலங்கை மலையகத்தில் பஜனை மடங்களிலும் வீடுகளிலும் உள்ள பழைய அருட்பா (வள்ளலாரின் பாடல் தொகுப்பு) பிரதிகளையும் அவரது படங்களையும் பாதுகாப்பதற்காக இதைச் சேர்க்கிறேன்.

நுவரெலியா, ஹட்டன் பக்கம் பனி இறங்கும் மாதங்களில் நூல் வைத்த பெட்டிக்குள் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வேர்விடும். நாம் வழக்கமாகச் செய்யும் பிழை, நனைந்த நூலை உடனே வெயிலில் போடுவது. தாள் சுருண்டு, மை வெளிறிவிடும். நிழலில், காற்றாடி நேராகப் படாமல், ஏடுகளுக்கிடையே மை இல்லாத வெள்ளைத் தாள் வைத்து உலர்த்துங்கள். தாள் ஈரம் குடித்ததும் மாற்றுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் வேண்டவே வேண்டாம், அதன் பசை சில வருடங்களில் மஞ்சளாகிக் கறையாக உள்ளே இறங்கும். லேமினேட் செய்வது அதைவிட மோசம், பிறகு பிரிக்கவே முடியாது.

சுவரில் மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், சட்டகத்தோடு அப்படியே நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். புதிதாகச் சட்டகம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வேண்டும். பின்புறம் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவரின் ஈரம் ஏறாது.

இன்னொன்று. வள்ளலாரைப் புகைப்படம் எடுக்க முயன்றும் உருவம் விழவில்லை என்பது அன்பர்கள் வழிவழியாகச் சொல்வது. நம் வீட்டுப் படங்கள் ஓவியத்தின் அச்சுகள். பட்டியல் எழுதும்போது தயவுசெய்து ‘புகைப்படம்’ என்று குறிக்காதீர்கள். பின்புறம் பென்சிலால் ‘ஓவிய அச்சு’ என்றும், யாரிடமிருந்து எந்த ஆண்டில் வந்தது என்றும் எழுதுங்கள்.