2ஏ1, குழல் மாற்றிய த்ரீ நாட் த்ரீ இல்லை

‘இஷாப்பூர் 2ஏ1 துப்பாக்கி என்பது பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன த்ரீ நாட் த்ரீ (.303) துப்பாக்கிக்குக் குழலை மட்டும் மாற்றியது’ என்கிறீர்கள். தவறு. வடிவம் அந்த த்ரீ நாட் த்ரீயின் லீ-என்ஃபீல்டு வடிவம்தான், அதில் சண்டையில்லை. ஆனால் இது 1960களில் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கென்றே, இன்னும் வலுவான எஃகில், புதிதாகச் செய்த துப்பாக்கி. பழைய தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். நேட்டோ தோட்டாவில் அது கிடையாது. அதனால் வெற்றுக்கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியையே மாற்ற வேண்டியிருந்தது. அப்புறம், இதற்கு முந்தைய மாடலான 2ஏ-வில் 2000 மீட்டர் வரை போகும் பின்குறி (தூரத்துக்கேற்பக் குறிபார்க்க உதவும் பின்பக்க அமைப்பு), 2ஏ1-இல் 800 மீட்டரோடு நின்றுவிடும். (2000-இல் குறிவைத்து யார் சுட்டார்களோ!) தூரத்திலிருந்து பார்த்தால் த்ரீ நாட் த்ரீயும் 2ஏ1-உம் ஒன்றுபோலத்தான் தெரியும், சரி. தோட்டாக்கள் இருக்கும் மேகசினைப் பாருங்கள்: த்ரீ நாட் த்ரீயில் அடிப்பக்கம் சரிவாக இருக்கும், 2ஏ1-இல் பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும்.