ஃபெரெட்டுக்குப் பதில் கீரியா?

வெளிநாடுகளில் செல்லமாக வளர்க்கும் ஃபெரெட் என்ற நீள உடம்புக் குட்டி விலங்கின் வீடியோவைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குண்ணே அவ்வளவு காசு? இதோட சொந்தக்காரன் நம்ம தோப்புலயும் ஆத்துலயும் இருக்கான், குட்டியாப் பிடிச்சு வளர்த்தாப் போச்சு" என்று சொல்லும் தம்பிகள் நம் கிருஷ்ணகிரிப் பக்கம் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்.

முதலில், கீரி ஃபெரெட்டுக்குச் சொந்தமே இல்லை. உடம்பு நீளமாக இருப்பதோடு சரி, கீரி பூனை, கழுதைப்புலி வழியில் வந்தது. காவிரியில் இருக்கும் நீர்நாய்தான் உண்மையான பங்காளி.

ஃபெரெட், ஐரோப்பாவின் போல்கேட் என்ற சிறு காட்டு விலங்கிலிருந்து வந்தது. முயல் பிடிக்க அதைச் சுமார் 2000 ஆண்டுகளாக வளர்த்து, கைக்கு அடங்கும் குட்டிகளாகப் பார்த்து இனம் பெருக்கியிருக்கிறார்கள். பாட்டிலில் பால் கொடுத்து அந்த வேலையை ஒரே வருடத்தில் முடிக்க முடியாது. ஃபெரெட்டின் இன்னொரு பங்காளியான அமெரிக்க மின்க்கைத் தோலுக்காக நூறு வருடத்துக்கு மேலாகப் பண்ணையில் வளர்க்கிறார்கள். இன்றைக்கும் தடித்த கையுறை இல்லாமல் அதைத் தூக்க மாட்டார்கள்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்புக் காவல்காரர் முன்பு கீரிக்குட்டி வளர்த்தார். முட்டை வைத்தால் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, முன்னங்காலால் பிடித்து, பின்னங்கால்களுக்கு நடுவே விட்டெறியும். சுவரில் பட்டு உடைந்ததும் ஓடிப்போய் நக்கும். பார்க்க அவ்வளவு அழகு! வளர்ந்த பிறகு சோறு போட்ட கையையே கடித்துக் கிழித்தது. கீரி கடித்தாலும் நாய்க்கடி ஊசிதான், தெரியுமல்லவா? அப்புறம் பக்கத்து வீட்டுக் கோழி, அதனால் சண்டை, கடைசியில் அதன் கழுத்தில் கயிறு கட்டிப் போட வேண்டியதாயிற்று.

நீர்நாய் இன்னும் மோசம். வளர்ந்தால் ஏழு முதல் பதினொரு கிலோ வரும், கூட்டமாக வாழும், தினமும் கிலோக்கணக்கில் மீன் கேட்கும். ஒகேனக்கல் பரிசல்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், மீன் செதிலோடு பாறையில் அது போட்டுவைக்கும் எச்சத்தின் நாற்றத்தைப் பற்றிச் சொல்வார்கள். அதைக் குளியலறையில் வைத்து வளர்ப்பதாம்! "வங்கதேசத்துல நீர்நாய வச்சு மீன் பிடிக்கிறாங்களே" என்பார்கள். ஆமாம், தலைமுறை தலைமுறையாக அதே தொழிலில் இருக்கும் மீனவர்கள், அதுவும் கயிறு கட்டி, ஆற்றில். ஜப்பானில் நீர்நாய் மோகம் வந்ததும் தாய்லாந்திலிருந்து குட்டிகளைக் கடத்தினார்கள். நம் ஆற்று நீர்நாய்க்கும் 2019 முதல் பன்னாட்டு வணிகத் தடை இருக்கிறது. உள்ளூரிலும் கீரி, நீர்நாய் எதைப் பிடித்தாலும் 1972 வன உயிரினச் சட்டத்தில் வழக்குதான்.

அதற்காக ஃபெரெட் வாங்கச் சொல்லவில்லை. 30 டிகிரி தாண்டினாலே அதற்கு ஆகாது, நம் சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாமல் செத்துப்போகும். தோப்பில் கீரிக்குட்டியைப் பார்த்தால் தூக்கிவராதீர்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். அடிபட்டிருந்தால் மட்டும் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.